கருடனுக்கு விட்ட ஜன்னல்

மார்ச் 12, 2006, ஞாயிறு

காலையில் உப்பளம் போய் வந்தேன். பாத்திகளில் உப்பு பூத்துக் கிடக்கிறது. இன்றைக்கு இருந்த வெள்ளைக்கு, சூரியனே ஒரு நிமிஷம் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் மேலே போனான். என் கண்ணால் பார்த்தேன். முதுகு வலி வழக்கம்போல.

மத்தியானம் பிரம்மதேசத்திலிருந்து யுவராணி வந்தாள். என் தங்கை வேலம்மாளின் மகள். திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கி வாத்தியார் படிப்பு படிக்கிறாள். கையில் ஒரு தக்காளிப் பெட்டி, பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் நாலு காது. இரண்டு முயல்கள். வெள்ளைக்கு லட்டு என்று பெயர், மண் நிறத்துக்குப் பூந்தி. கூடப் படித்தவள் கல்யாணமாகிப் போகும்போது கொடுத்தாளாம். ரெண்டும் பொட்டை என்று சொல்லித்தான் கொடுத்தாளாம்.

"மாமா, மே கடைசி வரைக்கும் இதுங்க உங்ககிட்ட இருக்கட்டும். பரீட்சை முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

"ஏன், உங்கப்பா அரண்மனையில இடம் இல்லியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா ராஜாங்கம் விதைக்கடலையாக எடுத்து வைத்திருந்த மல்லாட்டை மூட்டையில் லட்டு பல் வைத்துவிட்டதாம். "இன்னொரு வாட்டி வூட்டுக்குள்ள பாத்தேன், ரெண்டும் சட்டியிலதான்" என்று தீர்ப்பு. அப்புறம் மகள் சாப்பிடாமல் படுத்ததும் கொஞ்சம் இறங்கி ஒரு நிபந்தனை. பரீட்சை முடியும்வரை மச்சான் வீட்டில் இருக்கட்டும். ஒன்றும் குறையாமல் திரும்பினால் அவரே தன் கையால் கூண்டு கட்டித் தருவார். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டில் முயல் என்ற பேச்சே எழக் கூடாது.

அவர் ஏன் குறிப்பாக என் வீட்டைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா. தட்சணாமூர்த்தி என்கிற என் கையில் கொடுத்தால் கருங்கல்லும் காணாமல் போகும் என்பது அவருடைய இருபத்தைந்து வருஷத்து நம்பிக்கை.

இந்தப் பெண் ஏழாவது படிக்கும்போது ஒரு கோழிக்குஞ்சு வளர்த்தாள். கூப்பிட்டால் ஓடிவந்து தோளில் ஏறும். அது வளர்ந்து தீபாவளிக்குக் குழம்பாயிற்று. மூன்று நாள் அவள் யாரோடும் பேசவில்லை. அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன். அதனால்தான் இன்று மறு பேச்சுப் பேசாமல் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து இதுங்களுக்கு மரக்காணமே காவல். யமன் வந்தாலும் வாசல்ல டோக்கன் வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்" என்றேன். சிரித்தாள். ஆனால் பஸ் ஏறும்போது இன்னொரு தரம் கேட்டாள். "பாத்துப்பீங்க இல்ல மாமா?"

மார்ச் 14, செவ்வாய்

ஒரு முருங்கை மரம், அரை ஏரி அருகம்புல், என் வேட்டியின் ஒரு முனை. இரண்டு நாள் சாப்பாடு. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை தாசில்தார் ஆபீஸைக் கேட்கும்.

மார்ச் 19, ஞாயிறு

எதிரி வந்துவிட்டான்.

எங்கள் வீடு தெருக்கோடி. தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் உப்பளம், அதற்கப்பால் கழுவெளிச் சதுப்பு, அதற்கும் அப்பால் கடல். வானத்தில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிற அத்தனை பேரும் எங்கள் தென்னையில் உட்கார்ந்துதான் மூச்சு வாங்குவார்கள். இத்தனை நாள் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டு போக என்னிடம் என்ன இருந்தது?

என் மனைவி அம்சவல்லி தோட்டத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கரும்பருந்து. சத்தமே இல்லை. அவள் கையிலிருந்த சங்கராவை அப்படியே உருவிக்கொண்டு போனது. இறக்கை ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. சரி, ஆறு. அம்சவல்லி மூன்றுகூட இருக்காது என்கிறாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், அவள் அளவு செல்லாது.

மீனைத் தின்றுவிட்டுத் தென்னை மட்டையில் உட்கார்ந்து கீழே பார்த்தது. என்னைப் பார்க்கவில்லை. லட்டுவைப் பார்த்தது. இலை போட்டாயிற்று, சோறு எப்போது வரும் என்று பந்தியில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

லட்டு புல் மேய்ந்துகொண்டிருந்தது. வெட்ட வெளியில் அவ்வளவு வெள்ளையாக ஒரு பிராணி இருக்கலாமா? உப்புக் குவியலுக்கே நாம் கீற்று போட்டு மூடுகிறோம்.

மார்ச் 21, செவ்வாய்

முதல் வியூகம்: நாடா.

பழைய கேசட்டு ஒன்றை உடைத்து உள்ளே இருந்த நாடாவை உருவி, தென்னைக்கும் முருங்கைக்கும் கொட்டகைக்குமாக இழுத்துக் கட்டினேன். கொல்லைக்காரர்கள் குருவிக்குக் கட்டுவது. காற்றில் பளபளவென்று அடித்துக்கொண்டு ஒரு ரீங்காரம். ஆயிரம் வாள் உருவிய சேனை போல இருந்தது.

அம்சவல்லி வந்து நாடாவைப் பார்த்தாள், கீழே கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"இது நம்ம கல்யாண மேளம்."

என்ன சொல்வது? அந்த மேளத்துக்குப் பயந்து என் வீட்டுக்கு ஒருத்தரும் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி என்றா?

மார்ச் 24, வெள்ளி

இரண்டாம் வியூகம்: என் சட்டை, என் வேட்டி, என் துண்டு, தலைக்குப் பானை. பருந்து வந்து பானை மேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டது. அம்சவல்லி, "உங்கள மாதிரியே இருக்குது, யாரும் பயப்பட மாட்டேங்கறாங்க" என்றாள்.

மார்ச் 26, ஞாயிறு

வலை.

யோசனை மாயவனுடையது. கடலோரக் குப்பத்தில் இருக்கிறான், முப்பது வருஷப் பழக்கம். அவனிடம் ஒரு வலை கிடந்தது. போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததே, அன்று சுருட்டி வேலிகாத்தான் முள்ளில் போட்டுவிட்டுப் போன வலை. புது வலை வந்த பிறகும் அதை எறிய அவனுக்கு மனசு வரவில்லை. சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"மீனுக்குக் கடல்ல வலை போட்டிருக்கேன். வானத்துல போடறது இப்பதான். இன்னா மாட்டும்பா இதுல?" என்றான்.

"இந்திரன் மாட்டுவான். பாதிப் பங்கு உனக்கு."

தென்னையிலிருந்து கொட்டகைக்கும், கொட்டகையிலிருந்து சுவருக்குமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். பாதி வேலை. அம்சவல்லி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள்.

"இது என்னா?"

"கோட்டைக்குக் கூரை."

"அவர நான் எப்பிடிப் பாக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கருடனைப் பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சிவப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக வட்டம் போட்டு வருவார். அவர் தலைக்கு மேலே வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூன்று தரம் சுற்றிக் கும்பிடுவாள். வந்தவர் மீன் தேடி வந்தாரா, இவளைத் தேடி வந்தாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இருக்காது.

"வலை வழியா தெரியுமே" என்றேன்.

"கோயில்ல சாமிய வலை போட்டா பாப்பீங்க? துளசிக்கு நேரா வுட்டுடுங்க."

"வுட்டா பருந்து வருமே."

"கள்ளப் பருந்து வேற, அவரு வேற. அவரு இருக்கற எடத்துல அது வராது."

இதில் எனக்கும் மறுப்பு இல்லை என்பதை எழுதி வைக்கிறேன். கருடன் திருடுவார் என்று எனக்கும் தோன்றவில்லை. கரும்பருந்துதான் எதிரி, சிவப்பு நம்ம கட்சி. மாயவன் ஒருவன்தான் வாயில் பீடியை வைத்துக்கொண்டு யோசித்தான். "ஓட்டை வெச்சு வலை கட்டறத நான் பார்த்ததே இல்லப்பா" என்றான். ஆனால் அவனும் கருடன் பக்கமாகத் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சொன்னான்.

துளசிக்கு நேர் மேலே ஒரு பாய் விரிக்கிற அளவு ஜன்னல் விட்டுக் கட்டினோம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கரும்பருந்து வந்தது, வலையைப் பார்த்தது, இரண்டு வட்டம் போட்டது, போய்விட்டது. போகும்போது என் பெயரைச் சொல்லித் திட்டியது போல இருந்தது. சற்று நேரத்தில் கருடன் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். அம்சவல்லிக்கு அவ்வளவு சந்தோஷம். மத்தியானம் எறால் வறுத்தாள்.

ஏப்ரல் 13, வியாழன்

ரெண்டும் பொட்டை என்று சொன்னவளை நான் ஒரு முறை பார்க்க வேண்டும்.

காலையில் பூந்தி தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் பெட்டி மூலையில் மெத்தை போட்டிருந்தது. மெத்தை அசைந்தது. உள்ளே நாலு குட்டி. மயிர் இல்லை, கண் இல்லை, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலுரித்தது போல இருக்கின்றன. லட்டு என்கிற தகப்பன் ஒன்றும் தெரியாதவன் போலப் புல் தின்றுகொண்டிருந்தான்.

அம்சவல்லி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உலை கொதித்து அடங்கி அடுப்பே அணைந்துபோனது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருஷப் பிறப்பு. பிரம்மதேசத்துக்குப் போன் போட்டேன். ராஜாங்கம் எடுத்தார்.

"மாப்ள, பூந்தி வீட்டுல விசேஷம். குட்டி போட்டிருக்குது."

"எத்தினி?"

ஏழு என்றேன்.

ஏன் ஏழு என்றேன்? நாலு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாலு என்பது ரொம்ப சாதாரணமாக இருந்தது. நாய்கூட நாலு போடும். ஏழு என்றால் காதுக்கு நிறைவாக இருக்கிறது.

"அப்ப ரெண்டும் ஏழும் ஒம்போது. போனது ரெண்டுன்னு சொல்லிட்டு ரெண்ட மட்டும் அனுப்பாதீங்க மச்சான். ஒம்போதும் வரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் நான் சொன்ன சொல்லுதான்" என்றார்.

போனை வைத்த பிறகு அம்சவல்லி என்னைப் பார்த்த பார்வையில் ஏழு குட்டியும் செத்துப்போயிருக்கும். பிறக்காத மூன்று நிச்சயம்.

பார்த்துக்கொள்ளலாம். முயல்தானே, மே மாசத்துக்குள் இன்னொரு ஈடு போட்டுக் கணக்கைச் சரி பண்ணிவிடும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

நாலும் கண் திறந்துவிட்டன. மூன்று வெள்ளை, ஒன்று தாயைப் போல மண் நிறம். மண் நிறத்துக்குத்தான் கால் நிற்பதில்லை. இன்று பெட்டியிலிருந்து விழுந்து துளசி மாடம்வரை போய்விட்டது. அதற்குக் காசி யாத்திரை.

உப்பளத்தில் வேலை மூச்சு முட்டுகிறது. மழை வருவதற்குள் வாரிக் குவிக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நேரே தோட்டம்தான். ஐம்பத்தாறு வயசில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு முயல் குட்டியோடு முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

மே 7, ஞாயிறு

மண் நிறக் குட்டியைக் கருடன் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜன்னல் வழியாக இறங்கி, ஜன்னல் வழியாகவே போனது. நான் கொட்டகையில் இருந்தேன். அம்சவல்லி துளசிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மே 8, திங்கள்

ஏணி போட்டு ஜன்னலைத் தைத்துவிட்டேன். நைலான் கயிறு, இரட்டை முடிச்சு. அம்சவல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பருந்து சிவப்பா கறுப்பா என்று குட்டிக்குத் தெரியாது. அதற்கு எல்லாம் பருந்துதான். ஒன்பது ஊருக்கு யோசனை சொல்கிற எனக்கு இது ஏன் புரியாமல் போனது?

மே 10, புதன்

மாயவன் வந்து பார்த்தான். மேலே மட்டும் தைத்தால் போதாது, பக்கவாட்டில் சுவருக்கும் வலைக்கும் இடையில் கை நுழைகிற சந்து இருக்கிறது என்று காட்டினான். அதையும் அடைத்தோம். குட்டிகள் ஒளிந்துகொள்ளப் பழைய மண்பானை இரண்டைப் படுக்க வைத்தேன். உச்சி வெயில் நேரத்தில் கொட்டகைக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். இதையெல்லாம் மார்ச்சிலேயே செய்திருக்கலாம். அப்போது நான் கல்யாண மேளத்தைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

யுவராணி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். "எல்லாம் நல்லா இருக்குதா மாமா?" பரீட்சைக்குப் படிக்கிற பெண். நல்லா இருக்குது என்றேன். பொய் சொன்னால் என் வாய்க்கு எப்போதும் ஒரு ருசி இருக்கும். இன்று இல்லை.

மே 21, ஞாயிறு

ராஜாங்கம் வந்தார். இந்தப் பக்கம் ஒரு கல்யாணம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். எட்டிப் பார்க்கிறவர் நேரே தோட்டத்துக்குப் போய்க் குனிந்து எண்ணுவாரா?

"ரெண்டு பெருசு. மூணு குட்டி. மிச்சம் நாலு எங்க மச்சான்?"

"பொறந்ததே நாலுதான் மாப்ள."

"போன்ல ஏழுன்னீங்க."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"சரி, நாலுன்னே வெச்சிக்கலாம். ஒண்ணு எங்க?"

"கருடன் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். போன தையில் எங்கள் கிணற்றில் திமிங்கலம் வந்தது என்று இவரிடம் சொன்னவன் நான்தான். மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கருடன் மேல பழிய போடறீங்களா? நல்லா இருக்குது. குழம்பா மச்சான், வறுவலா? மொளகு தூக்கலா போட்டீங்களா?"

அம்சவல்லி மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஏம்மா, நீ சொல்லு. கருடனா எடுத்துக்கிட்டுப் போனாரு?"

அவள் டம்ளரை நேராக வைத்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதுவே அவருக்குப் போதும். மோரைக் குடித்துவிட்டு எழுந்தார். "எனக்கு முயலு ஒண்ணும் இல்ல மச்சான். பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மே 23, செவ்வாய்

பிரம்மதேசம் டீக்கடையில் நான் நாலு முயல் தின்ற கதை ஓடுகிறதாம். வேலம்மாள் போன் பண்ணினாள். "ஏண்ணா, ஒனக்குத்தான் டாக்டர் கறி தின்னக் கூடாதுன்னாரே."

சாயங்காலம் யுவராணி. அப்பா சொல்லிவிட்டிருக்கிறார், பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது. மனுஷனா அவர்?

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொன்னேன். நாலு, ஒன்று, ஜன்னல், கருடன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. இறக்கைக்கு அளவுகூடச் சொல்லவில்லை.

"கருடனா மாமா?" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்னப் பெண்ணாக மடியில் உட்கார்ந்து என் கதைகளைக் கேட்கும்போது, ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்து அப்படித்தான் கேட்பாள். அப்போது சிரித்துக்கொண்டே கேட்பாள்.

"சரி மாமா. படிக்கணும். வெச்சிடறேன்."

மே 26, வெள்ளி

அம்சவல்லியிடம் கேட்டே விட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"பாத்தது நீதானே. ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? நான் முயல் கறி தின்னேன்னு ஊரே பேசுது. அந்தப் பொண்ணு நம்பல. அதுக்கு அந்த வூட்டுல இனிமே ஒரு கோழிக்குஞ்சுகூட இல்ல."

ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். கல்லே இல்லாத அரிசி.

"அவருக்கு எதிரா என்னால சாட்சி சொல்ல முடியாது" என்றாள். "என் ஆப்ரேஷனுக்குப் பாண்டிக்குப் போனோமே, கூனிமேடு தாண்டும்போது வலப்பக்கமா வந்தாரு. அப்பதான் எனக்கு உசுர் வந்துது. நீங்க பாக்கல. நீங்க டிரைவர்கிட்ட கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க."

ஆமாம். என்ன கதை சொன்னேன் என்றுகூட நினைவிருக்கிறது. பயம் தாங்காமல் சொன்ன கதை. டிரைவர் சிரித்துச் சிரித்து வண்டியை ஓரம் கட்டினான். பின் சீட்டில் இவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதற்கு மேல் கேட்கவில்லை. கறி தின்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் அந்தப் பெண்?

மே 31, புதன்

பரீட்சை முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வருகிறாள். லட்டுவையும் பூந்தியையும் வேறு யாருக்காவது கொடுத்துவிட ஏற்பாடு.

ஜூன் 4, ஞாயிறு

வந்தார்கள். யுவராணி நேரே தோட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பூந்தி அவள் கையை நக்கியது. மூன்று குட்டியும் பானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தன. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பேசினது பேசினதுதாம்மா. ஒம்போது வரணும். அஞ்சுதான் இருக்குது. பொம்மையார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்க எடுத்துக்கிறேன்னாங்க."

அவள் தலையாட்டினாள். ஏழாவது படித்த பெண் மூன்று நாள் இப்படித்தான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அம்சவல்லி காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைத்தாள். உள்ளே போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். பொறந்தது நாலு. ஒண்ண கருடன்தான் எடுத்துக்கிட்டுப் போனாரு."

ராஜாங்கம் காலை ஆட்டுவதை நிறுத்தினார். "நீ பாத்தியாம்மா?"

"பக்கத்துல நின்னேன். கைக்கு எட்டற தூரம். ஒரு சத்தம் போட்டிருந்தா வுட்டுட்டுப் போயிருப்பாரு." அவள் யுவராணியைப் பார்த்தாள். "நான் கும்புட்ட கைய எறக்கல கண்ணு. அவ்ளோ கிட்ட எறங்கி வர்றாரேன்னு, எனக்காகத்தான் வர்றாருன்னு நெனச்சிட்டேன். கால்ல அதத் தூக்கிட்டு மேல போறப்பகூட நான் கும்பிட்டுக்கிட்டுத்தான் நின்னேன். குட்டி கத்துச்சு."

ஒரு மாசமாக இதைத்தான் அவள் அரிசியில் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்றாளே. அவர் மட்டுமா அதில்?

யுவராணி எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க அத்தை" என்றாள். அம்சவல்லி அழவில்லை. யுவராணிதான் அழுதாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க உண்மையத்தான் சொன்னீங்க."

"ஒரு வாட்டிதான்மா. இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்."

ராஜாங்கம் காபியை ஆற்றி ஆற்றி, அது குளிர்ந்தே போயிருக்கும். அவரும் ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள்தான்.

"கருடன் தொட்டத கொறைஞ்சதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றார் கடைசியில். "அது போகட்டும். மத்த மூணு?"

"அது பொறக்கவே இல்லண்ணா" என்றாள் அம்சவல்லி. "இவரு போன்ல பெத்தது."

முதலில் சிரித்தது ராஜாங்கம்.

ஜூன் 11, ஞாயிறு

பிரம்மதேசம். கூண்டு கட்டும் திருப்பணி. மாப்பிள்ளை பலகை அறுக்கிறார், நான் மேற்பார்வை. அதாவது நிழலில் உட்கார்ந்து தப்பைச் சொல்கிறேன். தரையில் கம்பி வலை, மேலே தகரம், தகரத்துக்கு மேலே கீற்று. முற்றத்துக்கு மாயவன் கொடுத்த இன்னொரு வலை. அதை இழுத்துக் கட்டி ஓரம் தைத்தது அம்சவல்லி. விரல் நுழையாத தையல். ராஜாங்கம் பணிவாகக் கேட்டார்: "துளசிக்கு நேரா வுடணுமா தங்கச்சி?"

"தெருவுல நின்னு பாத்துக்கங்க அண்ணா. தெருவுலயும் வானம்தான் இருக்குது."

அஞ்சு முயலையும் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். யுவராணி கை காட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தால் தோட்டம் ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. ஒரு பத்து ஏக்கர் இருக்கும்.

ஜூன் 20, செவ்வாய்

குட்டிகளுக்கு முட்டைக்கோஸ் தரலாமா என்று ராஜாங்கம் போன். முந்தாநாள் வெள்ளரிக்காய் பற்றி. அதற்கு முந்தின நாள், லட்டு தும்முகிறது, ஊசி போட வேண்டுமா என்று. யுவராணி எங்கே என்று கேட்டால், "அது தூங்குது, அதுக்கு இன்னா தெரியும்" என்கிறார்.

ஜூலை 2, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் போன். ராஜாங்கம். யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போலக் குரலை அடக்கிப் பேசினார்.

"மச்சான், குட்டிங்க வெயில் காயட்டும்னு வெளிய களத்துல வுட்டேன். மேல ஒண்ணு சுத்துது."

"என்னா நெறம்?"

"செவப்பு. கழுத்து வெள்ளை. ஞாயித்துக்கெழம வேற. இப்ப நான் இன்னா பண்றது மச்சான், கும்பிடறதா, வெரட்டறதா?"

அம்சவல்லி அப்போதுதான் தெருவிலிருந்து ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். அவர் கேட்டதை அவளிடம் அப்படியே சொன்னேன். போனை வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல வெரட்டுங்கண்ணா. அவரு எங்கயும் போயிட மாட்டாரு. அப்புறமா கும்பிட்டுக்கலாம்."

மாப்பிள்ளை போனை வைக்க மறந்துவிட்டார். அவர் கையைத் தட்டிக்கொண்டு, ஓய் ஓய் என்று கத்திக்கொண்டு களத்தில் ஓடுவது கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வந்து, "அஞ்சும் இருக்குது" என்று சொல்கிறவரை நின்றுகொண்டிருந்தோம்.